எய்ட்ஸ் நோயாளியின் அவசர வயிறு: புத்தகத்தில் சி.எம்.வி., நம்ம தியேட்டரில் டி.பி.?

பகுதி: மருத்துவம் / அறுவை சிகிச்சை
இழையைத் தொடங்கியவர்: நைட்_டியூட்டி

நைட்_டியூட்டி | 12 மார்ச், இரவு 11.48

சர்ஜரி பி.ஜி., இரண்டாம் வருஷம். ஊரும் ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம்.

எமர்ஜென்சிக்கு ஒரு கேஸ் வந்தது. முப்பதைத் தாண்டின ஆண். ரெண்டு மாசமா சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு, விட்டு விட்டு வயிற்றுவலி. வந்த அன்னிக்குக் காலையிலிருந்து வலி விடவே இல்லை. வயிறு முழுசா இறுகலை, ஆனா வலது பக்கம் கை வைக்க விடலை. வெள்ளையணு 4,800. நிக்க வச்சு எடுத்த எக்ஸ்ரேயில உதரவிதானத்துக்குக் கீழே காத்து, அதாவது குடல்ல எங்கயோ ஓட்டை. திறந்தோம். சிறுகுடலோட கடைசிப் பகுதியில ரெண்டு இடம் சுருங்கியிருந்தது, முதல் சுருக்கத்துக்குக் கொஞ்சம் மேல ஓட்டை. குடலைத் தாங்கிப் பிடிக்கிற சவ்வு, அதான் குடல்தாங்கி, பூரா நெறிக்கட்டி, ஒண்ணை வெட்டினதும் சீழ் வந்தது. எச்.ஐ.வி. பாசிட்டிவ்னு அன்னிக்குத்தான் அவருக்கே தெரியும். சிடி4, அதாவது எதிர்ப்புச் சக்தி செல்களோட எண்ணிக்கை, 38.

எய்ட்ஸ்ல குடல் ஓட்டைக்கு முதல் காரணம் சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சி.எம்.வி.ன்னு நான் படிச்ச புத்தகங்கள் எல்லாம் சொல்லுது. வைவாவுலயும் (வாய்மொழித் தேர்வு) அதையே சொல்லுன்னு சீனியர் சொல்றார். ஆனா இந்த யூனிட்ல நான் வந்த பிறகு பார்த்த பயாப்ஸி எல்லாம் டி.பி.ன்னுதான் வந்திருக்கு. எது சரி?

பழைய_கத்தி | 13 மார்ச், காலை 6.10

தம்பி, அந்தப் புத்தகம் எந்த ஊர் நோயாளியைப் பார்த்து எழுதினதுன்னு முதல்ல கேளுங்க. 1980கள்ல நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ மாதிரி ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவங்களைத் திறந்து பார்த்து எழுதினது அது. அங்கே வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க உடம்புல சி.எம்.வி. ஏற்கெனவே இருந்தது, டி.பி. அவ்வளவா இல்லை. இங்கே சி.எம்.வி.யும் சின்ன வயசுலயே கிட்டத்தட்ட எல்லாருக்கும் வந்து உடம்புல தங்கிடுது. ஆனா கூடவே டி.பி. கிருமியும் கோடிக்கணக்கான பேர் உடம்புல சத்தமில்லாம இருக்கு. சி.எம்.வி. குடலைத் தொடணும்னா சிடி4 50க்குக் கீழே வரணும். டி.பி. அதுவரைக்கும் காத்திருக்காது. 300, 400லயே எழுந்து வரும், 200க்குக் கீழே நுரையீரலைத் தாண்டிக் குடல், நெறிக்கட்டி, மண்ணீரல்னு பரவும். சி.எம்.வி. வர்ற அளவுக்கு எதிர்ப்புச் சக்தி குறையறதுக்குள்ள டி.பி. முந்திக்கிட்டு வயித்தைக் கெடுத்துடுது. நம்ம தியேட்டர்ல நீங்க பார்க்கிறது அதைத்தான்.

வைவாவுல சி.எம்.வி.ன்னே சொல்லுங்க, மார்க் வேணுமே. கூடவே "இந்தியாவுல டி.பி."ன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னா நல்ல எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

நான் என் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: எச்.ஐ.வி. நோயாளி வயிற்றுவலின்னு வந்தா கையை வயித்துல வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. சிடி4 எவ்வளவு? ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.யை அடக்கற மாத்திரை, எந்தத் தேதியில ஆரம்பிச்சது? பாதி நோய் அதுலயே தெரிஞ்சுடும். 200க்கு மேல இருந்தா எல்லாருக்கும் வர்றதுதான் இவருக்கும்: அப்பெண்டிக்ஸ், அல்சர் ஓட்டை, டைஃபாய்டு, பித்தப்பைக் கல், சிக்கின குடலிறக்கம், பெண்ணா இருந்தா கருக்குழாய்க் கர்ப்பம். 200க்குக் கீழே போனா டி.பி.யை முதல்ல நினைக்கணும். 50க்குக் கீழே சி.எம்.வி.யும், டி.பி.க்குச் சொந்தக்காரனான மேக் கிருமியும் சேர்ந்துக்கும். லிம்ஃபோமா, அதாவது நெறிக்கட்டிப் புற்றுநோய், மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது, எந்தப் படியிலயும் வரும்.

தியேட்டர்ல கண்ணாலயே ஓரளவு பிரிக்கலாம். டி.பி. புண் குடலைச் சுத்திக் குறுக்கா ஓடும், ஆறும்போது சுருக்கும், ஓட்டை அந்தச் சுருக்கத்துக்கு மேல்பக்கம் விழும். நீங்க சொன்னது அச்சு அசல் அதுதான். டைஃபாய்டு புண் குடலோட நீளவாக்குல, குடல்தாங்கிக்கு எதிர்ப்பக்கம். சி.எம்.வி. ரத்தக் குழாயோட உள்சுவர்லயே போய் உட்காரும், அது அடைபட்டு அந்தத் துண்டுக்கு ரத்தம் போகாம அழுகி ஓட்டை விழும். சீக்கம் (பெருங்குடலோட ஆரம்பம்), வலது பெருங்குடல், சிறுகுடல் கடைசி, இங்கேதான் அதிகம். ஆனா கண்ணை நம்பி முடிவு பண்ணாதீங்க. புண்ணோட விளிம்புலயிருந்தும் நெறிக்கட்டியிலயிருந்தும் எடுத்து ரெண்டு பாட்டில்ல போடுங்க. ஒண்ணு ஃபார்மலின், பயாப்ஸிக்கு; ஒண்ணு வெறும் சலைன், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு. எல்லாத்தையும் பழக்கதோஷத்துல ஃபார்மலின்ல போட்டு அனுப்பிட்டு, அப்புறம் கல்ச்சர் எங்கேன்னு லேபுக்குப் போன் பண்ற வழக்கம் எல்லா ஊர்லயும் இருக்கு.

நைட்_டியூட்டி | 13 மார்ச், காலை 7.02

நன்றி சார். சலைன் பாட்டில் அனுப்பியிருக்கோம். பயாப்ஸியில "கிரானுலோமா சரியா உருவாகலை, ஆனா ஆசிட் ஃபாஸ்ட் கிருமி ஏராளம்"னு போட்டிருந்தாங்க. அதாவது டி.பி. வகைக் கிருமி இருக்கு, அதைச் சுத்தி உடம்பு கட்டற செல் முடிச்சு இல்லை. அதுதான் குழப்பம். கிரானுலோமா இல்லாம டி.பி.யா?

பழைய_கத்தி | 13 மார்ச், காலை 7.15

கிரானுலோமா கட்டறதே சிடி4 செல்லோட உதவியிலதானே தம்பி. அது 38 இருந்தா யார் கட்டுவா? கிருமியைத் தடுக்க ஆளில்லைன்னா ஸ்லைடு பூரா கிருமிதான் தெரியும். ஆனா அதே படம் மேக் கிருமியிலயும் வரும். ஸ்லைடை வச்சு ரெண்டையும் பிரிக்க முடியாது. அதுக்குத்தான் சலைன் பாட்டில். டி.பி. கிருமியோட மரபணுவைத் தேடற சி.பி.நாட் டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், முக்கியமான டி.பி. மருந்து ரிஃபாம்பிசின் கேக்குமா கேக்காதான்னும் அதுலயே தெரியும்.

தெல்லிப்பழை_லண்டன் | 13 மார்ச், பிற்பகல் 3.20

நான் 90களின்ர தொடக்கத்தில இஞ்ச லண்டனில ஜூனியர் டொக்டரா இருந்தனான். உங்கட புத்தகத்தில இருக்கிற ஆக்களை நாங்கள் வார்ட்டில பாத்தனாங்கள். சி.எம்.வி. பெருங்குடல் எண்டா எப்பிடி இருக்குமெண்டு சொல்லுறன்: இளம் பெடியன், கிழமைக்கணக்கா வயித்தோட்டம், ரத்தமும் போகும், காய்ச்சல். சிடி4 பத்தோ பதினைஞ்சோ. ஒரு நாள் திடீரெண்டு வயிறு ஊதும். அந்த நேரம் ஒப்பரேஷன் செய்து குடலின்ர பெரும் பகுதியை எடுத்தாலும் கன பேர் வீட்டை திரும்பிப் போகேல்லை. கத்தி சரியாத்தான் வேலை செய்தது, ஆனா காயத்தை ஆத்த உடம்பில ஒண்டுமில்லை. கான்சைக்ளோவிர் ஊசி இருந்தது, அது வைரஸை அமத்தும், அவ்வளவுதான்.

கப்போசி சர்க்கோமா எண்ட புற்றுநோயும் நிறையப் பாத்தனாங்கள். தோலில ஊதாப் புள்ளி இருக்கிற ஆக்களில கன பேருக்கு வயித்துக்குள்ளயும் இருக்கும். பெரும்பாலும் சும்மா கிடக்கும். சில வேளை ரத்தம் கசியும், குடலை அடைக்கும், இல்லாட்டி ஒரு துண்டுக் குடலை மற்றத் துண்டுக்குள்ள இழுத்துச் செருகிவிடும். வளந்த ஆளுக்குக் குடல் செருகல் வந்தால் பெரும்பாலும் உள்ளுக்கை ஏதோ கட்டி இருக்கெண்டுதான் அர்த்தம், லிம்ஃபோமாவும் அதே வேலையைச் செய்யும். இந்தியாவில கப்போசி அரிது எண்டு கேள்விப்பட்டனான், அது உண்மைதானே?

1996இல மூண்டு மருந்து ஒண்டாக் குடுக்கத் தொடங்கின பிறகு வந்த மாற்றத்தை எழுத்தில சொல்ல ஏலாது. ரெண்டு வருசத்துக்குள்ள அந்த வார்ட்டில கட்டில் வெறுமையாக் கிடந்தது.

ஒரு புதினமும் சொல்லவேணும். அந்த நேரம் இண்டினவிர் எண்டொரு மருந்து. அது சிறுநீரில உறைஞ்சு கல்லாகும். ஆள் விலாவைப் பிடிச்சுக்கொண்டு உருளுவார், சி.டி. ஸ்கான் எடுத்தால் கல்லே தெரியாது! மற்றக் கல்லு கிட்டத்தட்ட எல்லாம் சி.டி.யில தெரியும், இந்த மருந்துக் கல்லு தெரியாது. அப்பெண்டிக்ஸ் எண்டு நினைச்சுத் திறக்கப் போன கதையளும் உண்டு.

பழைய_கத்தி | 13 மார்ச், மாலை 5.05

கப்போசி இங்கே அபூர்வம்தான் டாக்டர். அதுக்குக் காரணமான எட்டாம் நம்பர் ஹெர்பிஸ் வைரஸ் இந்த மண்ல குறைவு.

உங்க ஊர்ல 1996ல கட்டில் காலியாச்சு. எங்களுக்கு அது வர்றதுக்கு இன்னும் எட்டு வருஷம் ஆச்சு. 2004 ஏப்ரல் 1லதான் இலவச ஏ.ஆர்.டி. திட்டம் தொடங்கினாங்க, முதல்ல நாடு முழுக்க எட்டே ஆஸ்பத்திரி, அதுல தாம்பரம் சானடோரியம் ஒண்ணு. நெஞ்சு நோய்க்குக் கட்டின ஆஸ்பத்திரி எய்ட்ஸ் நோயாளிகளோட புகலிடமா ஆனதுக்குக் காரணமும் டி.பி.தான். மேலே தம்பி கேட்ட கேள்விக்கு அந்த ஒரு விஷயமே பதில்.

சும்மா_கேட்கிறேன் | 13 மார்ச், இரவு 8.31

நான் டாக்டர் இல்லை. சொந்தக்காரர் ஒருத்தர் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடறார், அதான் இந்த இழையைப் படிச்சேன். படிச்சதும் பயமா இருக்கு. வயிற்றுவலி வந்தாலே ஆபரேஷனா?

ஏ.ஆர்.டி_மேசை | 13 மார்ச், இரவு 9.10

இல்லைங்க. எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு வர்ற வயிற்றுவலியில பெரும்பாலானதுக்குக் கத்தியே வேண்டாம். மருந்து, கிருமி, சாதாரண அசிடிட்டி, இப்படித்தான் இருக்கும். நான் ஏ.ஆர்.டி. மையத்துல மெடிக்கல் ஆபீசர். உங்க சொந்தக்காரர் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு, "கண்டறிய முடியாத அளவு"ன்னு வந்திருந்தா, மேலே லண்டன் டாக்டர் சொன்ன கதை எதுவும் அவருக்கு இல்லை. அவர் வயித்துக்கு வர்றது உங்க வயித்துக்கு வர்றதேதான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போன்னா: வலி விடாம ஏறிக்கிட்டே போறது, வயிறு உப்பி காத்தும் மலமும் பிரியாம வாந்தி, மலத்துல ரத்தம் அல்லது தார் நிறம், காய்ச்சலோட வயிற்றுவலி. போகும்போது பச்சைப் புத்தகமோ கார்டோ, உங்க மையம் எதைக் கொடுத்திருக்கோ அதைக் கையில எடுத்துட்டுப் போங்க. என்ன மருந்து, எப்போ ஆரம்பிச்சதுன்னு அதுல இருக்கும். இது டாக்டரோட அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இப்போ பி.ஜி. தம்பிக்கு. பழைய_கத்தி சார் "ஏ.ஆர்.டி. தேதி கேளு"ன்னு சொல்லிட்டு ஏன்னு சொல்லாம விட்டுட்டார். நான் சொல்றேன், என் மேசையில அதிகம் பார்க்கிறதே இதுதான்.

ஏ.ஆர்.டி. ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துலயிருந்து மூணு மாசத்துக்குள்ள ஒருத்தர் திரும்பி வருவார். ஆரம்பத்துல நல்லா இருந்தார், பசி வந்தது, எடை ஏறினது. இப்போ திடீர்னு காய்ச்சல், தொப்புளைச் சுத்தி வலி, தொட்டா கட்டி தட்டுப்படுது. மருந்து வேலை செய்யலைன்னு வீட்ல முடிவு கட்டியிருப்பாங்க. உண்மையில மருந்து நல்லா வேலை செய்யுது. எதிர்ப்புச் சக்தி திரும்பி வந்ததும், அதுவரைக்கும் உள்ளே சண்டையே இல்லாமக் கிடந்த டி.பி. கிருமியைப் பார்த்துட்டு ஒரேயடியாப் பாயுது. இருட்டு அடுப்படியில விளக்கைப் போட்டதும் கரப்பான் ஓடுற கதை. நாங்க ஐரிஸ்னு சொல்றது இதைத்தான். நெறிக்கட்டி வீங்கிச் சீழ் பிடிக்கும், குடலை அழுத்தும், எப்பவாவது குடல் புண் ஓட்டையும் ஆகும். ஓட்டையோ முழு அடைப்போ இல்லைன்னா கத்தி எடுக்காதீங்க. டி.பி. மருந்தும் ஏ.ஆர்.டி.யும் தொடரணும், தேவைப்பட்டா ப்ரெட்னிசொலோன் (ஸ்டீராய்டு) சேர்க்கணும், பெரிய சீழ்க்கட்டின்னா ஊசி வச்சு உறிஞ்சலாம். ஏ.ஆர்.டி.யை நிறுத்திடாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன். சர்ஜிக்கல் வார்டுல சேர்ந்தவுடனே யாரோ ஒருத்தர் "எல்லா மாத்திரையும் நிறுத்து"ன்னு கேஸ் ஷீட்ல எழுதிடறாங்க, டிஸ்சார்ஜ் வரைக்கும் அதை யாரும் திருப்பிப் போடறதில்லை.

மருந்தாலேயே வர்ற வயிறும் இருக்கு. 2004ல திட்டம் ஆரம்பிச்சப்போ ஸ்டாவுடின்தான் பிரதான மருந்து. சிலருக்கு மாசக்கணக்கா சாப்பிட்ட பிறகு ரத்தத்துல லாக்டிக் அமிலம் ஏறும்: குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமா மூச்சு. வயிறு பார்த்தா மிருதுவா இருக்கும், ஆளைப் பார்த்தா சாகப் போறவர் மாதிரி இருப்பார். டைடனோசின் கணையத்தைத் தாக்கும். 2009ல உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினை விலக்கச் சொன்ன பிறகு படிப்படியாப் போச்சு. இப்போ எங்க மையத்துல பெரும்பாலானவங்க சாப்பிடறது டி.எல்.டி., டோலுடெக்ராவிர் சேர்ந்த ஒரே மாத்திரை. அதுல இந்த வம்பு ரொம்பக் குறைவு. கணைய அழற்சின்னு வந்தா முதல்ல குடிப்பழக்கத்தைக் கேளுங்க, ஊர் முழுக்க அதுதான் பெரிய காரணம், எச்.ஐ.வி. இருந்தாலும் இல்லாட்டியும்.

மூலிகை_வழி | 13 மார்ச், இரவு 10.44

[மட்டுறுத்துநர்: ஏ.ஆர்.டி.யை நிறுத்திவிட்டுத் தங்கள் சூரணத்தைச் சாப்பிடச் சொல்லும் விளம்பரப் பதிவு நீக்கப்பட்டது. தொலைபேசி எண்ணும் நீக்கப்பட்டது.]

கறுப்பு_வெள்ளை | 14 மார்ச், காலை 8.00

ரேடியாலஜி ஆள். சுருக்கமா.

அல்ட்ராசவுண்டையே முதல்ல பண்ணுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் கிடைக்கும். மண்ணீரல்ல பொட்டுப் பொட்டா கருப்புப் புள்ளிகள், வயித்துக்குள்ள நெறிக்கட்டி, கொஞ்சம் நீர். சிடி4 குறைஞ்ச ஆள்கிட்ட இது மூணும் சேர்ந்திருந்தா எங்க ஊர்ல டி.பி.ன்னு எழுதிட்டு மத்ததைத் தேடுவேன். சி.டி.யில டி.பி. நெறிக்கட்டி பெரும்பாலும் ஓரம் வெளுத்து நடு கருத்து இருக்கும், லிம்ஃபோமா ஒரே சீரா இருக்கும். பெரும்பாலும்னுதான் சொல்றேன், எப்பவும்னு சொல்லலை.

பித்தப்பைச் சுவர் தடிச்சு, உள்ளே கல்லே இல்லாம, அழுத்தினா வலிக்குதுன்னா அதையும் விட்டுடாதீங்க. இந்த நோயாளிகளுக்குக் கல்லில்லாத பித்தப்பை அழற்சி வரும்.

தெல்லிப்பழை_லண்டன் | 14 மார்ச், மாலை 4.12

ஓம், அது முக்கியம். சி.எம்.வி., கிரிப்டோஸ்போரிடியம் இதுகள் பித்தப்பையைப் பிடிச்சா அழுகி ஓட்டை விழலாம், அதுக்கு ஒப்பரேஷன்தான். ஆனா அதே கிருமியள் பித்தக்குழாயைப் பிடிச்சா கதை வேறை. குழாயின்ர வாய் சுருங்கி மேல்வயித்தில சரியான நோ வரும், ரத்தப் பரிசோதனையில அல்கலைன் பொஸ்படேஸ் எண்ட நொதி எக்கச்சக்கமா ஏறியிருக்கும், ஆனா கண்ணில மஞ்சள் இருக்காது. அதுக்கு எண்டோஸ்கோப்பியால வாயைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் நோ குறையும். ஆயுளைக் கூட்டுறது ஏ.ஆர்.டி. மட்டும்தான். ரெண்டையும் குழப்பி, மஞ்சளில்லாத ஆளின்ர பித்தப்பையைச் சும்மா எடுத்ததையும் பாத்திருக்கிறன்.

மாத்திரை_14_வருஷம் | 14 மார்ச், இரவு 9.55

இவ்வளவு நேரம் பெரியவங்க பேசறதைப் படிச்சுட்டிருந்தேன். நான் நோயாளிப் பக்கம்.

எனக்கு வந்தது அப்பெண்டிக்ஸ். சிடி4 600க்கு மேல, வைரல் லோடு தெரியவே இல்லை. ராத்திரி வலி ஆரம்பிச்சு விடியக்காலை வலது பக்கம் இறங்கினது. பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்து, அப்பெண்டிக்ஸ்தான், இப்பவே பண்ணணும்னு சொல்லிக் கையெழுத்தெல்லாம் வாங்கிட்டாங்க. நானே சொன்னேன், எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு. மறைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள யாரும் வரலை. ஒரு மணி நேரம் கழிச்சு, "அனஸ்தீசியா டாக்டர் ஊர்ல இல்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு ஒரு சீட்டு. போட்டிருந்த ஐ.வி. ஊசியைக்கூட எடுத்துவிடலை, என் மனைவிதான் டேப்பை ஒட்டினா. அரசு ஆஸ்பத்திரியில சேர்ந்து தியேட்டருக்குப் போகும்போது அது வெடிச்சிருந்தது. பத்து நாள்ல முடிய வேண்டியது ரெண்டு மாசம் ஆச்சு, சீழ் நின்னபாடில்லை.

காரணம் காரணம்னு பட்டியல் போடறீங்களே, இதையும் அதுல சேருங்க.

தனியார்_சர்ஜன் | 14 மார்ச், இரவு 11.20

உங்களுக்கு நடந்தது தப்பு. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. சின்ன ஊர்ல பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி நடத்தறவன் நான். தியேட்டர்ல ரெண்டே ஸ்டாஃப். ஊசி குத்திட்டா அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? விஷயம் வெளியில தெரிஞ்சா மத்த பேஷண்ட் வரமாட்டாங்க. அரசு ஆஸ்பத்திரியில வசதி இருக்கு, அனுப்பறோம். இதைப் பாகுபாடுன்னு சொன்னா எப்படி?

தியேட்டர்_சிஸ்டர் | 15 மார்ச், காலை 5.40

டாக்டர் சார், அந்தப் பொண்ணு இடத்துல இருக்கிறவ நான், அதனால நானே சொல்றேன்.

எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினா தொற்றுறது ஆயிரத்துல மூணு பேருக்கு. அதுவும் மருந்து சாப்பிடாத நோயாளிங்க ரத்தத்தை வச்சு எடுத்த கணக்கு. மஞ்சள் காமாலை பி வைரஸ்னா, தடுப்பூசி போடாதவங்கள்ல நூத்துக்கு முப்பது வரைக்கும் போகும். உங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற ஹெபடைடிஸ் பி ஆளுங்களைத் திருப்பி அனுப்பறீங்களா? டெஸ்ட் பண்ணாமலே எத்தனை பேரை ஆபரேட் பண்ணியிருப்பீங்க? குத்திட்டா சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவணும், விரலைப் பிதுக்கக் கூடாது, ரெண்டு மணி நேரத்துக்குள்ள, எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மருந்து ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடணும். மருந்து அரசு ஆஸ்பத்திரியில இருக்கு.

நாங்க செய்யறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ரெண்டு கையுறை, கண்ணாடி. ஊசி, பிளேடு எதையும் கையிலிருந்து கைக்குக் கொடுக்கறதில்லை. நடுவுல ஒரு கிட்னி டிரே, நான் வைப்பேன், சார் எடுப்பார், முடிஞ்சதும் அதுலயே வைப்பார். தையல் ஊசியை விரலால தொட விடமாட்டேன், ஃபோர்செப்ஸ்தான். இதை எல்லா கேஸுக்கும் செய்யறோம், எச்.ஐ.வி.ன்னு சீட்டு ஒட்டின கேஸுக்கு மட்டும் இல்லை. பயமில்லாத ஸ்டாஃப் கிடைக்கமாட்டாங்க சார், பழக்கின ஸ்டாஃப் கிடைப்பாங்க.

ஏ.ஆர்.டி_மேசை | 15 மார்ச், காலை 9.30

சட்டமும் தெளிவா இருக்கு. 2017ல நிறைவேறி 2018 செப்டம்பர் 10லிருந்து அமல்ல இருக்கிற எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி மருத்துவ சேவையை மறுக்கறதே பாகுபாடு, தனியாரும் அதுல அடக்கம். ஸ்டாஃபுக்குப் பாதுகாப்புக் கருவியும் தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டியது நிறுவனத்தோட பொறுப்புன்னும் அதே சட்டம் சொல்லுது. ஆக, அந்தப் பொண்ணு வீட்டுக்கு என்ன பதில்னு கேட்டீங்களே, அதுவும் அதுலயே இருக்கு.

தனியார்_சர்ஜன் | 15 மார்ச், காலை 9.52

சட்டம் எழுதினவங்க என் ஊர்ல வந்து ஆஸ்பத்திரி நடத்திப் பார்க்கட்டும்.

பழைய_கத்தி | 15 மார்ச், காலை 10.30

சர்ஜன் சார், உங்களோட சண்டை போட எனக்கு வயசில்லை. வைத்தியக் கணக்கா மட்டும் ஒண்ணு சொல்றேன். எச்.ஐ.வி. நோயாளிக்கு வர்ற சாதாரண அப்பெண்டிக்ஸ் ஓட்டை விழுந்த நிலையில நம்ம கைக்கு வர்றதுக்குப் பெரிய காரணம் தாமதம். கொஞ்சம் அவங்க உடம்பு பண்ற தாமதம்: வெள்ளையணு ஏறாது, தம்பி கேஸ்லகூட 4,800தான், வயிறும் நேரத்துக்கு இறுகாது. கொஞ்சம் டாக்டர் பண்ற தாமதம்: எச்.ஐ.வி.ன்னு கேட்டதும் எதையோ அபூர்வமான நோயைத் தேடி ரெண்டு நாள் ஸ்கேன், மலப் பரிசோதனைன்னு போறது. மிச்சம் இந்த நண்பருக்கு நடந்த மாதிரி வாசல்ல பண்ற தாமதம். முதல் ரெண்டும் நோயோட சேர்ந்தது. மூணாவது நம்ம கையில இருக்கிறது.

நைட்_டியூட்டி | 15 மார்ச், இரவு 11.15

சார், அடுத்த சந்தேகம். எங்க கேஸ்ல சுருங்கின பகுதியை வெட்டி எடுத்துட்டு, முனைகளைச் சேர்க்காம வயித்துத் தோல் வழியா வெளியில எடுத்து இலியாஸ்டமி வச்சோம், மலம் அதுவழியாப் பையில விழும். சேர்த்திருக்கலாம்னு மறுநாள் ரவுண்ட்ஸ்ல ஒரு பேராசிரியர் சொன்னார். ரத்தத்துல ஆல்புமின் புரதம் 1.9.

பழைய_கத்தி | 16 மார்ச், காலை 6.05

சிடி4 38, ஆல்புமின் 1.9, வயிறு பூரா மலம் கலந்த நீர். நானா இருந்தாலும் வெளியிலதான் எடுத்திருப்பேன். அங்கே சேர்த்துத் தச்சா அஞ்சாம் நாள் கசியும், ரெண்டாவது தடவை திறந்தா பெரும்பாலும் ஆள் மிஞ்சமாட்டார். சிடி4 எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீங்க, 38 இருந்தும் ஆல்புமின் 3.5, ஓட்டை விழுந்து ஆறு மணி நேரம்தான்னா சேர்த்துடலாம். வைரஸைவிட ஊட்டமும் அழுக்கும்தான் தையலைப் பிரிக்கும். ஓட்டையை மட்டும் ஓரம் சீவித் தைக்கறது டைஃபாய்டுல நடக்கும், டி.பி. சுருக்கத்துல வேண்டாம், கீழே அடைப்பு அப்படியே இருக்குமே.

பேராசிரியர் சொன்னதுக்குத் தலையாட்டிடுங்க.

நைட்_டியூட்டி | 18 மார்ச், இரவு 10.20

சி.பி.நாட் வந்துடுச்சு. டி.பி.தான், ரிஃபாம்பிசின் கேக்கும். டி.பி. மருந்து ஆரம்பிச்சாச்சு. ஏ.ஆர்.டி. எப்போ? ஸ்டோமாவில, அதாவது வெளியில எடுத்த குடல் வாயில, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் போகுது, மாத்திரை உள்ளே தங்குமான்னு சந்தேகம்.

ஏ.ஆர்.டி_மேசை | 18 மார்ச், இரவு 11.05

சிடி4 50க்குக் கீழே, அதனால டி.பி. மருந்து ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள ஏ.ஆர்.டி. அதுக்கு முன்னாடி தலைவலி, கழுத்து இறுக்கம் இருக்கான்னு பாருங்க. மூளைக்காய்ச்சல்னா கணக்கு மாறும், தள்ளிப் போடணும். ரத்தத்துல கிரிப்டோகாக்கல் ஆன்டிஜென், அதாவது மூளையைத் தாக்கற பூஞ்சைக்கான டெஸ்டும் அனுப்புங்க. ஹெபடைடிஸ் பி பார்த்தாச்சா? இருந்தா பிற்பாடு ஏதாவது ஆபரேஷனுக்காக டி.எல்.டி.யை நிறுத்தறப்ப கல்லீரல் கொதிச்சு எழும், கேஸ் ஷீட்ல பெருசா எழுதி வைங்க.

ரிஃபாம்பிசின் இருக்கிற வரைக்கும் டோலுடெக்ராவிர் 50 மி.கி. ரெண்டு வேளை. காலையில டி.எல்.டி., பன்னிரண்டு மணி நேரம் கழிச்சுத் தனி டோலுடெக்ராவிர். ரிஃபாம்பிசின் முடிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் அப்படியே. இரும்பு, கால்சியம், அல்சர் சிரப் இதோட சேர்த்துக் கொடுக்காதீங்க, டோலுடெக்ராவிரைக் கட்டிப் போட்டுடும். டோலுடெக்ராவிர் மாத்திரையை இதுகளுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கொடுங்க, இல்லை ஆறு மணி நேரம் பின்னாடி.

ஒன்றரை லிட்டர் அதிகம். வெறும் தண்ணியா குடிக்க விடாம ஓ.ஆர்.எஸ்.க்கு மாத்துங்க, போக்கைக் குறைக்கிற லோபரமைட் சேருங்க. ஸ்டோமா பையைக் காலி பண்றவங்ககிட்ட மாத்திரை முழுசா வந்து விழுதான்னு பார்க்கச் சொல்லுங்க. விழுந்தா பொடிச்சுக் கொடுக்கலாம், எனக்குப் போன் பண்ணுங்க. மூணு மாசம் கழிச்சு வரும் ஸ்டோமாவை மூடுற ஆபரேஷனுக்கு முன்னாடி வைரல் லோடு பார்த்துடலாம். நடுவுல காய்ச்சலும் கட்டியும் வந்தா ஐரிஸ்னு நினைங்க, கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிடுங்க.